பூச்சி வலையும் பூந்தொட்டியும்

போக்கிமான் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அநேகமாக எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். 1965இல் பிறந்த சதோஷி தஜிரி, டோக்கியோவின் புறநகரான மச்சிதா இன்னும் வயலும் குட்டையுமாக இருந்த நாட்களில் பூச்சி பிடித்துத் திரிந்த சிறுவன். பிறகு வீடுகளும் சாலைகளும் வந்தன, வயல்கள் போயின. பூச்சி பிடிக்க இடமில்லாமல் போன பிள்ளைகளுக்கு அந்தச் சந்தோஷத்தை ஒரு கையடக்கத் திரையில் திருப்பித் தர அவர் நினைத்தார். 1996 பிப்ரவரி 27 அன்று நின்டெண்டோவின் கேம் பாய் கருவிக்காகச் சிவப்பு, பச்சை என இரண்டு பதிப்புகளாக அந்த விளையாட்டு ஜப்பானில் வெளிவந்தது. தஜிரியே பேட்டிகளில் சொன்ன கதை இது, பொய்யில்லை. ஆனால் பாதிக் கதை. பூச்சி வலையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு இந்த விளையாட்டை விளக்கப் போனால் முதல் பக்கத்திலேயே தடுக்கிவிடும். 151 உயிரிகள் கொண்ட அதன் பட்டியலில் முதல் எண் பல்பசோருக்கு, அதாவது முதுகில் விதை சுமந்து நான்கு காலில் நடக்கும் ஒரு செடிப் பிராணிக்கு. முதல் பூச்சியான கேட்டர்பி பத்தாம் எண்ணில்தான் வருகிறது. இந்தச் செடிப் பிராணியின் முன்னோர் யார் என்று தேடினால், மச்சிதாவின் வயல்வெளியைத் தாண்டி, இருநூறு ஆண்டுகளுக்கு முன் எடோ நகரத்தில் தொட்டிச் செடி வளர்த்தவர்களிடம் போய் நிற்க வேண்டியிருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். எடோ என்பது இன்றைய டோக்கியோவின் பழைய பெயர்.

முதலில் கணக்கைப் பார்க்கலாம். மூலப் பட்டியலின் 151இல் பூச்சி வகையைச் சேர்ந்தவை 12. தாவர வகையைச் சேர்ந்தவை 14. பூச்சி பிடிக்கும் ஆசையில் பிறந்ததாகச் சொல்லப்படும் விளையாட்டில் பூச்சியைவிடச் செடி அதிகம். பாரஸ், பாரசெக்ட் என்ற இரண்டு இரு வகையிலும் வருகின்றன. அவை முதுகில் காளான் முளைத்த பூச்சிகள். பச்சைப் பதிப்பின் பெட்டி அட்டையில் அச்சானதும் பல்பசோர் முழு வளர்ச்சி அடைந்த வடிவமான வீனசோர்தான். இதற்கு உடனே ஒரு மறுப்பு வரும்: வரிசை எண்ணை வைத்து எதையும் நிறுவ முடியாது, முதலில் வரையப்பட்டது ரைடான் என்ற காண்டாமிருகம் போன்ற உயிரி என்று அதை உருவாக்கியவர்களே சொல்லியிருக்கிறார்களே என்று. உண்மைதான். ஆனால் வரைந்த வரிசையும் பட்டியல் வரிசையும் வேறு வேறு என்றால், பட்டியலின் முதல் இடத்தை யாரோ யோசித்துத்தான் செடிக்குக் கொடுத்திருக்கிறார்கள். இன்னொரு மறுப்பு, நெருப்பு, நீர், செடி என்ற முக்கோணச் சண்டை விதிக்கு ஒரு செடி தேவைப்பட்டது, அவ்வளவே என்பது. முக்கோணத்துக்கு ஒரு செடி போதும், பதினான்கு தேவையில்லை. அந்த ஒன்றும் பிறவியிலேயே விதை ஊன்றப்பட்டதாக, அந்த விதையோடு சேர்ந்தே வளர்வதாக இருக்க வேண்டும் என்று எந்தச் சண்டை விதியும் கேட்பதில்லை.

பல்பசோரைக் கொஞ்சம் அருகில் வைத்துப் பார்ப்போம். தவளைக்கும் பல்லிக்கும் இடைப்பட்ட உடல். முதுகில் வெங்காயம் போன்ற ஒரு குமிழ். விளையாடுபவர் அதைக் கூடவே வைத்திருந்து, சண்டைகளில் பழக்கி, பதினாறாம் நிலைக்குக் கொண்டுவந்தால் குமிழ் மொட்டாகி அது ஐவிசோர் ஆகிறது. முப்பத்திரண்டாம் நிலையில் மொட்டு விரிந்து பெரிய பூவாகி வீனசோர் ஆகிறது. உருமாற்றம் என்ற எண்ணம் புழுவிடமிருந்து வந்தது என்பதை மறுக்க வேண்டியதில்லை. கேட்டர்பி ஏழாம் நிலையில் கூட்டுப்புழுவாகி, பத்தாம் நிலையில் பட்டாம்பூச்சியாகிவிடுகிறது. ஆனால் பூச்சியின் மாற்றத்தில் வளர்ப்பவருக்குப் பெரிய வேலையில்லை. புழு தன் வழியே போய்ச் சிறகடிக்கும். செடிப் பிராணிகளிடம் வளர்ப்பவரின் கை தெரிகிறது. ஆடிஷ் என்ற கிழங்குப் பிராணி இருபத்தொன்றாம் நிலையில் குளூம் ஆகும்; அதற்கு மேல் தானாக வளராது, இலைக்கல் ஒன்றைக் கொடுத்தால்தான் வைல்ப்ளூம் என்ற பெரும்பூவாகும். 1999இல் வந்த தங்கம், வெள்ளிப் பதிப்புகளில் அதே குளூமுக்குச் சூரியக்கல்லைக் கொடுத்தால் பெல்லோசம் என்ற வேறொரு பூப்பிராணி கிடைக்கும். எது பூக்க வேண்டும் என்று வளர்ப்பவர் தீர்மானிக்கிறார். இது வலை வீசுபவரின் வேலையைவிடத் தோட்டக்காரரின் வேலைக்கு நெருங்கியது.

அந்த வேலையில் ஜப்பானியர் எவ்வளவு ஆழமாகப் போனார்கள் என்பதற்கு அசகாவோ கொடியின் வரலாறு நல்ல சான்று. நம் வேலிகளில் படரும் ஊதாப்பூக் கொடிகளுக்கும், வள்ளைக் கீரைக்கும், சர்க்கரைவள்ளிக்கும் அது ஒரே பேரினத்து உறவு. எட்டாம் நூற்றாண்டு வாக்கில் சீனாவிலிருந்து ஜப்பானுக்குப் போனபோது அது பூவுக்காகப் போகவில்லை. அதன் விதை பேதி மருந்து. பல நூற்றாண்டுகள் மருந்துச் செடியாக இருந்த பிறகு எடோ காலத்தில் அழகுக்காக வளர்க்கும் கொடியானது. 1806இல் எடோவில் ஒரு பெரும் தீ பரவி நகரின் பெரும்பகுதி எரிந்தது. தீக்குப் பின் ஷிதயா, ஒக்காச்சிமாச்சி பக்கங்களில் காலியாகக் கிடந்த மனைகளில் தோட்டக்காரர்கள் அசகாவோ பயிரிட, அவற்றில் விசித்திர வடிவங்கள் தோன்றின. இலை ஊசியாகச் சுருங்கியவை, இதழ் கிழிந்து நாராகத் தொங்கியவை, ஒரே பூவுக்குள் பூவாக அடுக்கியவை. ஊரே அவற்றின் மேல் பித்துக் கொண்டது. 1804 முதல் 1830 வரையிலான ஆண்டுகளில் ஒரு அலை, 1850களில் இன்னொரு அலை என அந்த மோகம் திரும்பத் திரும்ப வந்தது. வளர்த்தவர்களில் பெரும் பிரபுக்களும் உண்டு. சம்பளம் போதாமல் வீட்டு முற்றத்தில் தொட்டி வைத்து உபரி வருமானம் தேடிய கீழ்நிலைச் சாமுராய்க் காவலர்களும் உண்டு. ஒக்காச்சிமாச்சி என்பதே அந்தக் காவலர்கள் குடியிருந்த பேட்டை.

இந்த வளர்ப்பில் ஒரு முடிச்சு இருந்தது, என் வாதம் முழுக்க அதன் மேல்தான் நிற்கிறது. அசகாவோ ஓராண்டுக் கொடி. பூ ஒரு காலைப்பொழுதோடு வாடிவிடும், கொடி பனிக்காலத்தைத் தாண்டாது. எனவே ஒரு நல்ல செடியை வாங்கி வைத்துக்கொண்டு ஆண்டாண்டாக அனுபவிக்க முடியாது. ஒவ்வொரு ஆண்டும் விதையிலிருந்துதான் எழுப்ப வேண்டும். ஆனால் மிக அபூர்வமான அடுக்குப் பூக்களில் மகரந்தத் தாள்களும் சூலகமும் இதழாகவே மாறிவிடுவதால் விதை பிடிக்காது. அதிசயம் பூத்ததும் அதோடு வம்சம் முடிந்துவிடும். இதற்கு எடோ தோட்டக்காரர்கள் கண்ட வழி, அதிசயத்தை விட்டுவிட்டு அதன் உடன்பிறப்பைக் காப்பாற்றுவது. ஒரே காயிலிருந்து முளைத்த நாற்றுகளில் சாதாரணமாகத் தெரியும் சில, அந்த அபூர்வ குணத்தை உள்ளே ஒளித்து வைத்திருக்கும். அவற்றைத் தாய்ச்செடியாக வைத்து விதை எடுத்து விதைத்தால், ஏறக்குறைய நான்கில் ஒன்று அதிசயமாக முளைக்கும். இரண்டு அபூர்வ குணங்கள் சேர்ந்து வேண்டுமென்றால் பதினாறில் ஒன்று. மூன்று என்றால் அறுபத்து நான்கில் ஒன்று. வித்திலை விரிந்த நாளிலேயே அதன் வடிவத்தையும் நிறத்தையும் பார்த்து, இது என்ன பூ பூக்கும் என்று கைதேர்ந்தவர்கள் சொல்லிவிடுவார்கள். வேண்டாத நாற்றைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, வேண்டியதைத் தொட்டிக்கு மாற்றுவார்கள். மெண்டல் தன் பட்டாணிச் செடிக் கணக்கை அச்சிட்டது 1866இல். கோட்பாடு எதுவும் இல்லாமலே எடோவின் தோட்டக்காரர்கள் அதற்கு அரை நூற்றாண்டு முன்பிருந்தே அந்தக் கணக்கை மண்ணில் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

வளர்த்ததோடு நிற்கவில்லை; பட்டியலிட்டார்கள், பரிமாறினார்கள், போட்டி வைத்தார்கள். ஆர்வலர்கள் சிறு குழுக்களாகச் சேர்ந்து, பூக்காலத்தில் ஓரிடத்தில் கூடித் தங்கள் தொட்டிகளை வரிசையாக வைத்து மதிப்பிட்டார்கள். முடிவுகள் சுமோ மல்யுத்த வீரர்களின் தரவரிசைத் தாளைப் போலவே கிழக்கு அணி, மேற்கு அணி என்று பிரித்து அச்சாகின. ஒவ்வொரு கொடிக்கும் சூட்டிய பெயர், இலையின் நிறம், இலையில் உள்ள திட்டு, இலை வடிவம், தண்டு, பூ நிறம், பூ வடிவம், அடுக்கு என்று ஒரு ஒழுங்கில் அமைந்த நீண்ட சொற்கோவை. அதைப் படித்தாலே செடி கண்முன் வந்துவிடும். 1854இல் வந்த ‘அசகாவோ சன்ஜூரொக்கசென்’ என்ற நூல், ஹத்தோரி செஸ்ஸாய் என்ற ஓவியரின் தூரிகையில் 36 விசித்திரப் பூக்களை வண்ணத்தில் காட்டியது. அதே ஆண்டில் இரியா பகுதித் தோட்டக்காரர் நரிதயா தொமெஜிரோ, எடோ, ஒசாக்கா, கியோத்தோ ஆகிய மூன்று நகரங்களின் பூக்களையும் சேர்த்து ‘சந்தோ இச்சோ’ என்ற நூலை வெளியிட்டார். எடோவின் நகர நீதிபதியாக இருந்த நபெஷிமா நவொத்தகாவும் அசகாவோ வளர்ப்பில் பேர்போனவர். அரசாங்கத்தின் உயர்ந்த அதிகாரியும் தோட்டத் தொழிலாளியும் ஒரே செடியின் நிமித்தம் ஒரே வட்டத்துக்குள் வந்தார்கள். சாதிநிலை இறுகிய சமூகத்தில் இது சின்ன விஷயமில்லை.

அசகாவோ தனித்து நிற்கவும் இல்லை. 1827இல் கின்தா என்ற தோட்டக்காரர் ‘சோமொக்கு கிஹின் ககமி’ என்ற தொகுப்பில் இலையில் திட்டு விழுந்த, உரு மாறிய செடிகளை வரைந்து, அவற்றை வளர்த்தவர்களின் பெயர்களையும் பதிந்தார். 1829இல் மிசுனோ தததொஷி என்ற சாமுராய் சுமார் ஆயிரம் செடிகளை அகரவரிசையில் அடுக்கி இன்னொரு பெருந்தொகுப்பை வெளியிடத் தொடங்கினார். 1860இல் எடோவுக்கு வந்த ஸ்காட்லாந்துத் தாவர வேட்டையாளர் ராபர்ட் ஃபார்ச்சூன், சோமெயி பகுதியின் நாற்றுப் பண்ணைகளைக் கண்டு, விற்பனைக்காக இத்தனை செடிகள் ஓரிடத்தில் வளர்வதை உலகில் வேறெங்கும் பார்த்ததில்லை என்று வியந்தார். சீனத்திலும் இந்தியாவிலும் தோட்டங்களைத் துருவிப் பார்த்த மனிதரின் சொல் அது.

இந்தப் பட்டியல் வெறிக்குப் பின்னால் இன்னும் பழைய ஒரு மரபு உண்டு: மருந்துப் பொருள் நூல்கள். 1596இல் சீனாவில் அச்சான லி ஷிஜென்னின் மருந்து நூல், 1607இல் அறிஞர் ஹயஷி ரசான் வழியாக ஜப்பானின் ஆட்சியாளர் தொக்குகவா இயெயசுவின் கைக்குப் போனது. 1709இல் கைபரா எக்கிகென் ஜப்பானின் பொருள்களுக்கென்றே ‘யமத்தோ ஹொன்சோ’ எழுதி, 1,362 இயற்கைப் பொருள்களை வகைப்படுத்தினார். 1757இல் தமுரா ரன்சுயி எடோவின் யுஷிமாவில் மருந்துப் பொருள் கண்காட்சி நடத்தினார். 1762இல் அவர் மாணவர் ஹிரகா கென்னயி நாடெங்கும் உள்ளவர்களிடம் பொருள் அனுப்பச் சொல்லிக் கேட்டு, 1,300க்கும் மேற்பட்டவற்றை ஓரிடத்தில் குவித்துக் காட்டினார். இந்த நூல்களில் செடிக்கு முதல் அடையாளம் அதன் குணம்: மருந்தா, நஞ்சா, எந்த அளவில் எது. போக்கிமானின் முதல் 14 செடிப் பிராணிகளில் ஒன்பது, நஞ்சு வகையையும் சேர்த்தே சுமக்கின்றன. பல்பசோர் குடும்பம் மூன்று, ஆடிஷ் குடும்பம் மூன்று, பெல்ஸ்ப்ரௌட் குடும்பம் மூன்று. அவற்றின் தாக்குதல்களும் நச்சுப்பொடி, உறக்கப்பொடி, மரமரப்புப் பொடி என்று ஒரு மூலிகைக் கடையின் பீரோவைத் திறந்ததுபோல் இருக்கின்றன. காளான் முளைத்த பாரஸையும் விளையாட்டு தாவர வகையில்தான் போடுகிறது. இன்றைய உயிரியல் காளானைத் தாவரமாக ஏற்பதில்லை. பழைய மருந்து நூல்கள் அதைக் கீரை, காய்களோடு வைத்தன. இதை நேரடிக் கடனுக்குச் சான்றாக நான் காட்டவில்லை. செடி என்றதும் நஞ்சையும் மருந்தையும் சேர்த்தே நினைக்கும் பழக்கம் இந்த விளையாட்டிலும் உயிரோடு இருக்கிறது என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறேன்.

இனி விளையாட்டின் உள் ஏற்பாட்டைப் பார்க்கலாம். சிவப்புப் பதிப்பில் ஆடிஷ் குடும்பம் கிடைக்கும், பெல்ஸ்ப்ரௌட் குடும்பம் கிடைக்காது. பச்சைப் பதிப்பில் நேர்மாறு. பட்டியலை நிரப்ப வேண்டுமென்றால் இரண்டு பேர் தங்கள் கேம் பாய்களைக் கேபிளால் இணைத்துச் செடிப் பிராணிகளை மாற்றிக்கொள்ள வேண்டும். தங்கம், வெள்ளிப் பதிப்புகளில் இது ஒரு படி மேலே போயிற்று. ஆணையும் பெண்ணையும் பராமரிப்பு இல்லத்தில் ஒன்றாக விட்டால் முட்டை கிடைக்கும்; குட்டி தாயின் இனமாக இருக்கும், தந்தையின் தாக்குதல்களில் சில அதற்கு வாரிசாக வரும். கூடவே நிறம் மாறிய அபூர்வ உயிரிகளும் வந்தன. காட்டில் அப்படி ஒன்று எதிர்ப்படும் வாய்ப்பு 8,192இல் ஒன்று. நிறம் மாறிய ஒன்றைப் பெற்றோராக வைத்தால் குட்டி அப்படிப் பிறக்கும் வாய்ப்பு 64இல் ஒன்றாக உயர்ந்துவிடும். அசகாவோவின் 64இல் ஒன்றோடு இந்த எண் ஒத்துப்போவது தற்செயல். அதில் பொருள் தேட வேண்டாம். பொருள் இருப்பது செயலில். பெற்றோரைத் தேர்ந்தெடுத்துச் சேர்ப்பது, பிறந்த டஜன் கணக்கானவற்றில் வேண்டியதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விடுவது, கிடைத்த அபூர்வத்தை அடுத்தவரிடம் காட்டுவது, அடுத்த தலைமுறைக்காக மறுபடி சேர்ப்பது: இவை எல்லாம் நாற்றங்காலில் நடந்தவை. குத்தூசியில் ஏற்றிய வண்டுக்கு வாரிசு கிடையாது.

இங்கே வலுவான ஒரு மறுப்பு எழும். தஜிரி தன் வாயால் சொன்னது பூச்சியைப் பற்றி. கேபிளால் இணைந்த இரண்டு கேம் பாய்களைக் கண்டபோது ஒரு கருவியிலிருந்து மற்றதற்குப் பூச்சி ஊர்ந்து போவதாக அவருக்குத் தோன்றியதாம். பரிமாற்றம்கூடப் பூச்சியின் கொடைதான். பல்பசோரின் உருவத்துக்குப் பொறுப்பானவராகச் சொல்லப்படும் அட்சுக்கோ நிஷிதா எடோ நூல்களைப் புரட்டியதாக எங்கும் பதிவில்லை. அப்படியிருக்க இந்த மூதாதையர் தேடல் எதற்கு? நான் கேட்பது படைத்தவர்களின் மேசை மீது என்ன புத்தகம் இருந்தது என்பதல்ல. அவர்களுக்கும் அவர்களுடைய விளையாட்டை ஆடிய குழந்தைகளுக்கும் எந்தச் செய்கைகள் சொல்லிக்கொடுக்காமலே விளங்கின என்பது. அதற்கான பதில் ஜப்பானியத் தொடக்கப் பள்ளியில் இருக்கிறது. அங்கே முதல் வகுப்புக் குழந்தைக்கு ஒரு பிளாஸ்டிக் தொட்டியும் சில அசகாவோ விதைகளும் கொடுக்கிறார்கள். மே மாதத்தில் விதைத்து, தினமும் தண்ணீர் ஊற்றி, வித்திலை விரிந்ததையும் முதல் இலை வந்ததையும் கொடி குச்சியில் ஏறியதையும் படம் வரைந்து எழுத வேண்டும். கோடை விடுமுறை தொடங்கும்போது தொட்டியை வீட்டுக்குத் தூக்கிப்போய், பூவை எண்ணி, கடைசியில் காய்ந்த காயிலிருந்து விதையைச் சேகரிப்பார்கள். ஜப்பானியக் குழந்தையின் கோடைக்காலத்தில் பூச்சி வலையும் இருந்தது, அசகாவோ தொட்டியும் இருந்தது. தஜிரி வலையை நினைவுகூர்ந்தார் என்பதால் தொட்டி இல்லாமல் போய்விடாது. பெரியவர்களின் வெறியாக எடோவில் தொடங்கிய ஒன்று, வீட்டுப்பாடமாகப் பள்ளிக்குள் நுழைந்து, ஒரு தேசத்தின் பொதுப் பழக்கமானது. பழக்கம் இந்த அளவு பரவிய பிறகு அதற்குக் கைமாற்றுச் சீட்டு தேவைப்படுவதில்லை.

இரண்டாவது மறுப்பு பேய்களின் பக்கமிருந்து வரும். 1776இல் தொரியமா செக்கியென் பேய், பூதங்களை ஒவ்வொன்றாக வரைந்து பட்டியலிட்ட நூல் ஒன்றை வெளியிட்டார். போக்கிமானின் பட்டியலுக்கு அதுதான் முன்னோடி என்று சொல்பவர்கள் உண்டு. அவருடைய பிற்கால நூலொன்றில் மனித முகம் பூக்கும் மரம்கூட இருக்கிறது. இந்த உறவை நான் மறுக்கவில்லை. ஆனால் செக்கியெனின் பேய்ப் பட்டியலே, பேய்களையும் செடிகளையும் விலங்குகளையும் ஒரே மாதிரி படம் வரைந்து விளக்கிய அந்தக் காலத்துக் கலைக்களஞ்சியங்களின் வழியில் வந்தது. அந்தக் களஞ்சியங்கள் மருந்து நூல்களின் வாரிசுகள். பட்டியல் என்ற வடிவத்தின் ஊற்று இரண்டுக்கும் ஒன்றே. மேலும், பேயை யாரும் வளர்ப்பதில்லை. பேயைக் கண்டு அஞ்சலாம், கதை சொல்லலாம், படம் வரையலாம். நீர் ஊற்றி, உருமாற்றி, அண்டை வீட்டுக்காரரோடு மாற்றிக்கொள்ள முடியாது. போக்கிமானின் தோற்றத்துக்குப் பேய்ப் படங்கள் உதவியிருக்கலாம். அதில் நாம் மணிக்கணக்காகச் செய்யும் வேலைக்குத் தோட்டம்தான் முன்மாதிரி.

மூன்றாவது மறுப்பு, செடிப் பித்து ஜப்பானுக்கு மட்டுமா உரியது என்பது. 1637இல் நெதர்லாந்தில் துலிப் கிழங்கின் விலை விண்ணைத் தொட்டுச் சரிந்ததை எல்லோரும் அறிவார்கள். ஆனால் துலிப்பின் வழி வேறு. அதன் விலை உயர்ந்த கோடிட்ட பூக்களுக்குக் காரணம் ஒரு வைரஸ் நோய் என்பது இருபதாம் நூற்றாண்டில் தெரியவந்தது. நல்ல கிழங்கு கையிலிருந்தால் அதன் பக்கக் கிழங்குகளே அதே பூவைத் தரும். எனவே அங்கே கிழங்கு ஒரு சொத்து. பூட்டி வைக்கலாம், பத்திரம் எழுதலாம், பூவைப் பார்க்காமலே கைமாற்றலாம். அசகாவோவைப் பூட்டி வைக்க முடியாது. கையில் இருப்பது எப்போதும் ஒரு வாய்ப்பு மட்டுமே. விதைத்து, காத்திருந்து, பொறுக்கி எடுத்தால்தான் அது செடி. வம்சத்தைத் தெரிந்து வைத்திருப்பவரே உண்மையில் அதை வைத்திருப்பவர். போக்கிமான் ஆடுபவரின் இன்பத்துக்கு இந்த இரண்டில் எது நெருக்கமானது என்பதை அந்த ஆட்டத்தை ஒருமுறை பார்த்தவரும் சொல்லிவிடுவார்.

அதற்காக எடோவின் தோட்டத்தைக் கள்ளமற்ற பூங்காவனமாக வரைந்துவிடக் கூடாது. அங்கும் பணம் புகுந்தது. இலை மட்டுமே அழகான ஒமொத்தோ போன்ற செடிகளுக்குச் சூதாட்ட விலை ஏறி, 1840களின் தொடக்கத்தில் தெம்போ சீர்திருத்தக் காலத்தில் அதிக விலைத் தொட்டிச் செடி வியாபாரத்தை அரசே தடுக்க வேண்டிவந்தது. அபூர்வத்தைத் தேடும் பழக்கம் எங்கே இருந்தாலும் விலை அதன் பின்னாலேயே வரும். போக்கிமான் அட்டைகளுக்கு இன்று ஏலத்தில் நடப்பதும் அதுவே. சேகரிப்பின் இன்பத்தையும் அதன் பேராசையையும் ஒரே வேர்தான் தாங்குகிறது. இதைச் சொல்லாமல் விட்டால் இந்த வரலாறு வெறும் புகழ்மாலையாகிவிடும்.

இரண்டு கதைகளும் சந்திக்கும் இடம் இன்னொன்று உண்டு: நகரம். இரியாவின் அசகாவோ தோட்டங்கள் எடோ காலத்தை அடுத்து வந்த மெய்ஜி காலத்தில் கோடைக் காலையில் கூட்டம் கூட்டமாக மக்களை இழுத்தன. நகரம் விரிந்து நிலம் போனதும் 1913இல் அங்கே பூக்காட்சி நின்றது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் 1948இல் சந்தையாக மறுபடி தொடங்கி, இன்றும் ஜூலை 6 முதல் 8 வரை நடக்கிறது. மச்சிதாவின் குட்டைகளை விழுங்கியதும் இதே நகரம்தான். வயல் போனபின் பூச்சி திரைக்குள் வந்தது என்று தஜிரியின் கதையைச் சொல்கிறோம். தோட்டம் போனபின் செடியும் அதே வழியில் திரைக்குள் வந்தது என்று சொல்ல ஏன் தயங்க வேண்டும்? நிலம் சுருங்கச் சுருங்க வளர்ப்பும் சுருங்கிக்கொண்டே வந்தது: மனையிலிருந்து முற்றத்துக்கு, முற்றத்திலிருந்து தொட்டிக்கு, தொட்டியிலிருந்து சட்டைப்பைக்கு. செடி மறைந்துவிடவும் இல்லை. ஆர்வலர்கள் போர்க்காலத்திலும் காப்பாற்றிய வம்சங்கள் ஆய்வுக்கூடங்களுக்குப் போய், இன்று கியூஷூ பல்கலைக்கழகத்தில் ஆயிரத்துக்கும் அதிகமான அசகாவோ வகைகள் விதையாகப் பாதுகாக்கப்படுகின்றன. விசித்திர வடிவங்களில் பலவற்றுக்குக் காரணம், மரபணுக்களுக்கு இடையே இடம் தாவிப்போய் அவற்றைக் கெடுக்கும் டிஎன்ஏ துண்டுகள் என்று 1990களில் கண்டறிந்தார்கள். 2016இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் சுமார் 75 கோடி எழுத்துகள் கொண்ட அதன் மரபணுத் தொகுதியைப் படித்து வெளியிட்டார்கள். பேட்டை முற்றத்தில் வயிற்றுப்பாட்டுக்காக வளர்ந்த கொடி, மரபியலின் மாதிரிச் செடிகளில் ஒன்றாகிவிட்டது.

கணினி விளையாட்டுகளின் வரலாற்றைப் படைத்தவரின் பால்யத்தில் தொடங்கி விற்பனை எண்ணிக்கையில் முடிப்பது வழக்கமாகிவிட்டது. அந்த வழக்கம் ஒரு மனிதரின் நினைவைப் பெரிதாக்கி, அந்த நினைவைச் சாத்தியமாக்கிய பல தலைமுறைக் கைவேலையை மறைக்கிறது. பல்பசோர் விஷயத்தில் தீர்ப்பு எனக்குத் தெளிவு. அதைப் பிடிக்க வலை சொல்லிக்கொடுத்தது. வளர்க்க, கலக்க, பெயரிட, வரிசைப்படுத்த, மாற்றிக்கொள்ளத் தொட்டி சொல்லிக்கொடுத்தது. பூச்சி பிடித்த சிறுவனுக்குக் கொடுக்கும் மரியாதையில் பாதியையாவது, தீயில் எரிந்த மனையில் விதை ஊன்றி, நாற்றின் வித்திலையைப் பார்த்தே பூவைச் சொன்ன அந்தப் பெயர் தெரியாத தோட்டக்காரர்களுக்கும் வரலாறு கொடுத்தாக வேண்டும்.